ஆடு நம்முடையது, மேய்ச்சல் நிலம் யாருடையது?

ஏப்ரல் 15-ம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள்கள் ராமேசுவரம் தீவின் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். மீனவர் குடும்பங்களுக்கு அரசு தடைக்கால நிவாரணமாக 8,000 ரூபாய் தருகிறது. அது போதாது என்று மீனவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகைகூட வராத வீடுகள் இதே தீவில் இருப்பதை யாரும் பேசுவதில்லை. ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீனை லாரியில் ஏற்றுபவர், கருவாடு காயவைக்கும் பெண் ஆகியோரும் கடலை நம்பித்தான் பிழைக்கிறார்கள். மீனவர் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. படகு நின்றால் அவர்களுக்கும் வேலை நின்றுவிடும். நிவாரணம் மட்டும் அவர்கள் வாசலுக்கு வராது. இப்படிப்பட்ட கூலி வேலைகளிலும், விடுதிகளில் பாத்திரம் கழுவுவது, அறை பெருக்குவது, தெரு கூட்டுவது போன்ற வேலைகளிலும்தான் நம் மக்கள் அதிகம்.

தடைக்காலம் முடிகிற அதே ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் திறக்கின்றன. இரண்டு மாதம் கூலி இல்லாத வீட்டில் கட்டணத்துக்கும் நோட்டுக்கும் பேருந்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? பல வீடுகளில் இதற்கான பதில் கொல்லைப்புறத்தில் முளைக்குச்சியில் கட்டியிருக்கும். ஒரு கிடாய் போகும், பிள்ளை கல்லூரிக்குப் போகும். கந்துவட்டிக்காரரிடம் போகாமல் ஒரு குடும்பம் ஜூன் மாதத்தைத் தாண்டுகிறது என்றால், அந்த வீட்டில் ஆடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பாம்பன் தீவு மணல் பூமி. பனையும் தென்னையும் உடை மரமும் வேலிக்கருவையும் வளரும். நெல் வயல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இங்கே சிறு விவசாயி என்றால் பத்துத் தென்னை வைத்திருப்பவர், அல்லது தங்கச்சிமடம் பக்கம் அரை ஏக்கரில் மல்லிகை நாற்றுப் பதியன் போடுபவர். தமிழ்நாடு முழுக்கப் போகிற மல்லிகை நாற்று இந்த மணலில்தான் வேர் பிடிக்கிறது. நம் மக்களில் பலருக்கு அந்த அரை ஏக்கரும் கிடையாது. வீடு நிற்கிற இடம்தான் நிலம். மாடு வாங்கினால் வைக்கோலைப் பாலம் தாண்டிக் கொண்டுவர வேண்டும், குடம் குடமாய் நல்ல தண்ணீர் வேண்டும். வெள்ளாட்டுக்கு அது வேண்டாம். அது குனிந்து புல் மேய்வதைவிட நிமிர்ந்து தழை கடிப்பதை விரும்புகிற பிராணி. உடை நெற்றையும் கருவேல நெற்றையும் பொறுக்கித் தின்னும். தொரட்டியால் நாலு கிளை இழுத்துப் போட்டால் வயிறு நிறையும். கடன் வாங்கித் தீவனம் போட வேண்டியதில்லை என்பதால்தான் ஏழை வீட்டுக்கு ஆடு பொருந்தி வந்தது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், சரியாகச் சொன்னால் சுமார் 150 நாள். நன்றாகக் கவனித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈத்து எடுக்கலாம். முதல் ஈத்தில் ஒற்றைக் குட்டி, பிறகு இரட்டை என்பது பொதுவான வழக்கம். இரண்டு தாய் ஆடு வைத்திருக்கும் வீட்டில் இரண்டு ஆண்டில் எட்டு ஒன்பது குட்டி விழுந்தாலும், நாய்க்கும் நோய்க்கும் போனது போக ஆறேழு தேறும். பெட்டையை வைத்துக்கொண்டு கிடாயை விற்பார்கள். இதில் யாரும் பணக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு, காதுகுத்து, சாவு, தேர்வுக் கட்டணம் என்று நேரம் சொல்லாமல் வருகிற செலவுக்கு, நேரம் பார்க்காமல் விற்கக்கூடிய ஒரே பொருள் ஆடுதான். நகையை அடகு வைத்தால் வட்டி ஏறும். ஆட்டை வைத்திருந்தால் குட்டி ஏறும்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சாதியைத் தவிர்த்துவிட்டுப் பேசுபவர்கள் கவனிப்பதில்லை. நம் தெருவில் கறந்த பாலை டீக்கடை வாங்காத காலம் இருந்தது. இன்றும் யார் வீட்டுப் பால் என்று விசாரிக்கிற ஊர்கள் இருக்கின்றன. நம் வீட்டில் சமைத்ததை விற்க முடியாத ஊர்களும் இருக்கின்றன. ஆடு வாங்க வருகிறவர் மட்டும் அப்படி விசாரிப்பதில்லை. கோயில் கிடாவெட்டுக்கும் பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் கிடாய் நன்றாக இருக்கிறதா, கொம்பு உடையாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சந்தையில் தீட்டுப் பார்க்காமல் விலை போகிற சொத்து நம் கையில் இருப்பது சின்ன விஷயமில்லை.

மேய்ப்பவரும் உடையவரும்

நம் மாவட்டத்து மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் ஊர்களில் ஆதிக்க சாதியினர் நம் முன்னோர்மீது தடைகளை விதித்தார்கள். முதலில் எட்டு, பிறகு பதினொன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பவை பலரும் அறிந்தவை. இன்னும் மூன்றை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. பிள்ளைகள் மிராசுதாரரின் கால்நடைகளை மட்டுமே மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கே மலிவு விலையில் விற்றுவிட வேண்டும்.

படிப்பு, கால்நடை, நிலம். இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்தவர்களுக்கு, ஒன்று கைக்கு வந்தால் மற்றதும் வந்துவிடும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அடுத்தவர் மாட்டை மேய்க்கிற பையனுக்குக் கூழ்தான் மிஞ்சும். சொந்த ஆட்டை மேய்க்கிற வீட்டில் பையனின் படிப்புக்குப் பணம் மிஞ்சும். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் நம் மக்கள் கடந்து வந்திருப்பது மேய்ப்பவர் என்ற நிலையிலிருந்து உடையவர் என்ற நிலைக்கான தூரத்தை. இதில் பெண்களின் பங்கே பெரிது. ஆண் விடுதி வேலைக்கோ வெளியூருக்கோ போய்விட, குட்டிக்குப் பால் குடிக்கவைப்பதும் தழை ஒடிப்பதும் பெண்கள்தான். விலை பேசும்போது மட்டும் ஆண் வந்து நிற்பது வேறு கதை.

அந்தத் தூரம் முழுவதும் கடந்தாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. வாரத்துக்கு ஆடு வளர்ப்பது இன்னும் நடக்கிறது. பணம் உள்ளவர் ஒரு பெட்டையை வாங்கித் தருவார். வளர்ப்பவர் மேய்த்து, நோய் பார்த்து, குட்டி எடுப்பார். குட்டியில் ஆளுக்குப் பாதி, தாய் ஆடு கொடுத்தவருக்கே. ஒன்றும் இல்லாதவர் கையில் ஒரு குட்டி சேர இது வழியாகவும் இருக்கிறது, அதை மறுக்க வேண்டாம். ஆனால் ஆடு செத்தால் நட்டம் யாருக்கு, ஒற்றைக் குட்டி போட்டால் அது யாருக்கு என்பதை முதல் நாளே இரண்டு சாட்சி வைத்துப் பேசிக்கொள்ளாத வீடுகளில், கடைசியில் வளர்த்தவர்தான் வெறுங்கையோடு நிற்கிறார்.

அரசு ஆடு கொடுக்காமல் இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் நிலமற்ற ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு நான்கு ஆடுகள் என்று தரப்பட்டன. 2021-க்குப் பிறகு கணவரை இழந்த, கைவிடப்பட்ட பெண்களுக்கு ஐந்து ஆடுகள் தரும் திட்டம் வந்தது. குறைகள் ஆயிரம் இருந்தாலும் இவை நம் வீடுகளுக்கு வந்த திட்டங்கள். மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கத்தைப் பாருங்கள். 2021-ல் திருத்தப்பட்ட அந்தத் திட்டத்தில் ஆட்டுப் பண்ணைக்கு ஐம்பது சதவீத மானியம் உண்டு. ஆனால் கணக்கு 100 பெட்டை, 5 கிடாயில்தான் தொடங்குகிறது. அதற்குப் பத்து லட்சம், 500 பெட்டை, 25 கிடாய் என்றால் ஐம்பது லட்சம் வரை மானியம். நூறு ஆட்டுக்குக் கொட்டகை போட நிலம் வேண்டும், வங்கிக் கடன் வேண்டும், கடனுக்குப் பிணை வேண்டும். நான்கு ஆடு வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த வாசலில் நிற்க இடமில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி இரண்டும் மூன்றுமாக ஏழை வீடுகளில் நிற்பவை. மானியம் எங்கோ, ஆடு எங்கோ.

தீவு சுருங்குகிறது

நான்கு ஆடு கொடுத்தவர்கள் அவற்றை எங்கே மேய்ப்பது என்பதைச் சொல்லவில்லை. மற்ற இடங்களில் ஓர் ஊரில் மேய்ச்சல் அடைபட்டால் பக்கத்து ஊர்ப் பக்கம் ஓட்டிப் போகலாம். தீவில் எந்தப் பக்கம் போனாலும் கடல்தான். 1988-ல் சாலைப் பாலம் வந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போனது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறந்தாகிவிட்டது. வருகிறவர்கள் தங்க விடுதி வேண்டும், வாகனம் நிறுத்த இடம் வேண்டும். நேற்றுவரை உடை மரம் நின்ற பொட்டலில் இன்று கம்பி வேலி. மனை வாங்கியவர் சென்னையில் இருப்பார், வேலி இங்கே இருக்கும். உள்ளே ஒரு செங்கல்கூட வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆட்டுக்கு அது மூடிய கதவு.

ஆடு காட்டை அழிக்கும் என்று ஒரு வாதம் உண்டு. தீவுகளைப் பொறுத்தவரை அது வெறும் பேச்சில்லை. பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகளில் விட்ட ஆடுகள் பெருகி, ராட்சத ஆமைகளின் உணவையே தின்று தீர்த்தன. கடைசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டுக் கொன்றுதான் அந்த நிலத்தை மீட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 சிறு தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே ஆடு போகக் கூடாது என்பதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால் கலாபகஸில் இருந்தவை ஆளில்லாத ஆடுகள். பாம்பனில் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு கயிறும் அதைப் பிடிக்க ஒரு கையும் உண்டு. நான்கு ஆடு மணல் மேட்டைக் கெடுக்கும் என்று கவலைப்படுகிறவர்கள், அதே மேட்டை மட்டம் தட்டி விடுதி கட்டும்போது எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மேய்ச்சல் சுருங்கும்போது ஆடு தோட்டத்துக்குள் நுழைகிறது. மல்லிகை நாற்றுப் பாத்தியில் ஆடு ஒரு மணி நேரம் நின்றால் பல மாத உழைப்பு போய்விடும். அந்தத் தோட்டக்காரரும் பெரிய பண்ணையார் இல்லை. அவர் கோபம் நியாயமானது. கோபம் எந்த வழியில் போகிறது என்பதில்தான் பிரச்சினை. ஆடு யாருடையது என்று தெரிந்ததும் பேச்சின் தொனி மாறும். நட்டஈடு பற்றிய பேச்சு சாதியைப் பற்றிய பேச்சாகிவிடும். 2020 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு அருகே ஒரு கிராமத்தில், ஆடு வழிதவறிப் போனதில் எழுந்த தகராறில், ஆடு மேய்க்கும் தலித் ஒருவரைக் காலில் விழவைத்தார்கள். அதைப் படமெடுத்துப் பரப்பவும் செய்தார்கள். பிறகு வழக்குப் பதிவாகிக் கைதுகள் நடந்தன. ஓர் ஆட்டுக்கும் ஒரு தோட்டத்துக்கும் இடையில் இவ்வளவு தூரம் போக முடியும் என்பதைத் தென்மாவட்டங்களில் இருக்கிற நாம் மறந்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1871-ம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்தில் கால்நடை என்பதில் ஆடும் அடக்கம். பயிரை மேய்ந்த ஆட்டைத் தோட்டக்காரர் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். தன் வீட்டில் நாள் கணக்கில் கட்டிப்போட்டுப் பேரம் பேச அவருக்கு உரிமை இல்லை. தவறாகப் பிடித்துவைத்தால் ஆட்டின் சொந்தக்காரர் பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். பொது இடத்தில் சாதி சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். ஆடு மேய்ந்தது உண்மையாகவே இருந்தாலும் அது குற்றம்தான். மேய்ந்ததற்கு நட்டஈடு தனி, திட்டியதற்கு வழக்கு தனி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி “சமாதானம்” செய்துவைக்க வருகிறவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கயிற்றில் ஒரு கணக்கு

வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். தீவுக்குள் ஆடு பெரும்பாலும் கண் மதிப்பில்தான் விலை போகிறது. வியாபாரி முதுகைத் தடவிப் பார்ப்பார், தொடையைப் பிடிப்பார், “இருபது கிலோ தேறாது” என்பார். அவசரத்தில் இருப்பவர் தலையாட்டுவார். தராசு இல்லாவிட்டாலும் தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளக்க வேண்டும். தோள்முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய உயிர் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் இருபத்துநாலரை கிலோ. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், “இருபது கிலோ” என்ற ஒரு வார்த்தையில் 1,800 ரூபாய் போகிறது. சினை ஆட்டுக்கும் சின்னக் குட்டிக்கும் இந்தக் கணக்கு சரியாக வராது. விற்கிற கிடாய்க்கு வரும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை வரை நான்கு வீட்டுக் கிடாயைச் சேர்த்து ஒரே வண்டியில் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது. முடியாதவர்கள் டேப்பையாவது கையில் வைத்திருங்கள்.

தீவாக இருப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கிவரும் ஆட்டோடுதான் பாலம் தாண்டி வரும். புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டினால் பாதித் தொல்லை போகும். காய்ச்சல், மூக்கொழுக்கு, கழிச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைக் கால்நடைத் துறை இலவசமாகப் போடுகிறது. ஐப்பசி மழைக்கு முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். இரவில் தெருநாய் கூட்டமாக வந்து பட்டியில் புகுவது இப்போது நோயைவிடப் பெரிய பயம். நாய் கடித்து இறக்கும் கால்நடைக்கு 2025-ல் அரசு இழப்பீடு அறிவித்திருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால் இறந்த ஆட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்றும் படமும் வாங்கி வைத்திருப்பது நல்லது.

இனி நிலத்துக்கு வருவோம். ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் ‘அ’ பதிவேடு உண்டு. எந்தப் புல எண் பட்டா, எது புறம்போக்கு, அதில் மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கும். 2011 ஜனவரி 28-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பித் தர வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நிலமற்ற கூலிகளுக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசு குத்தகைக்குக் கொடுத்திருந்தால் அது வேறு என்றும் அந்தத் தீர்ப்பிலேயே விலக்கு இருக்கிறது. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று புல்டோசர் முதலில் குடிசையைத் தேடி வரும்போது அந்த விலக்கைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். அங்கே ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். ராமேசுவரம் நகராட்சி, அங்கே வார்டு உறுப்பினரிடமும் வட்டாட்சியரிடமும் மனுதான் வழி. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மேய்க்கால் என்று எத்தனை ஏக்கர் எழுதியிருக்கிறது, அந்தப் புல எண்ணில் இப்போது நிற்பது உடை மரமா, கம்பி வேலியா, விடுதியா என்று நேரில் போய்க் குறித்துக்கொள்ளுங்கள். ஆடு வைத்திருக்கும் பெண்களை அழைத்துக்கொண்டு அந்தத் தாளோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். தீர்மான நோட்டில் புல எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். “பார்க்கலாம்” என்று தலைவர் வாயால் சொல்வது தீர்மானம் ஆகாது.